ஒரே கேள்விக்கு மூன்று புத்தகத்தில் மூன்று விடை: வினாடி வினாவுக்கு எதை எடுத்துக்கொள்வது?

உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஊர் நூலகத்தில் கோடை விடுமுறைக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி வினா நடத்தப் போகிறீர்கள். வரலாறு, புவியியல், அறிவியல், சினிமா எல்லாம் கலந்து நூறு கேள்வி எழுதியாகிவிட்டது. கையில் இருந்த மூன்று பொது அறிவுப் புத்தகங்களை வைத்து விடைகளைச் சரிபார்த்தபோது பதினைந்து கேள்விகளுக்கு விடை ஒத்துவரவில்லை. "இந்த மூன்றில் எதை நம்புவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, "சரியாகச் சொன்ன பிள்ளையைத் தவறு என்று சொல்லி உட்கார வைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்று ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் உங்கள் உண்மையான கேள்வியாகப் பட்டது. எந்தப் புத்தகம் நல்லது என்பதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: மூன்றையும் முழுதாக நம்ப வேண்டாம். பிள்ளைக்கு அநியாயம் நடக்காமல் இருக்க என்ன செய்வது என்பதற்குத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் அரசுப் பள்ளியில் புவியியல் நடத்தியவன். பள்ளி அளவிலும் வட்டார அளவிலும் இருபது வருடங்களுக்கு மேல் வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதியிருக்கிறேன். புவியியல் கேள்விகளில் என் பேச்சை நீங்கள் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். சினிமாவிலும் வானியலிலும் நான் வாசகன் மட்டும்தான். அங்கே பலரும் பார்த்து ஒப்புக்கொண்ட செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

உங்களுடைய பயம் எனக்கு நடந்தே இருக்கிறது. ஒரு போட்டியில் "உலகின் மிகப் பெரிய பாலைவனம் எது?" என்று கேட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ்ஸரை அழுத்தி "அண்டார்டிகா" என்றாள். அரங்கில் சிரிப்பு. என் அட்டையில் "சகாரா" என்று இருந்தது. தவறு என்று சொல்லிவிட்டு அடுத்த அணிக்குக் கேள்வியைத் தள்ளினேன். அவர்கள் சகாரா என்று சொல்லிப் பத்து மதிப்பெண் வாங்கினார்கள். அந்தப் பெண்ணின் அணி ஐந்து மதிப்பெண்ணில் தோற்றது. பாலைவனம் என்பதை மணலும் வெயிலும் வைத்துத் தீர்மானிப்பதில்லை, மழைப்பொழிவை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள் என்பதை நானே வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாகப் பெய்யும் நிலம் பாலைவனம். அண்டார்டிகாவின் உட்பகுதியில் பனியாக விழுவதை நீராகக் கணக்கிட்டால் 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. பரப்பு ஏறக்குறைய 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சகாரா சுமார் 92 லட்சம். "வெப்பப் பாலைவனம்" என்று என் அட்டையில் ஒரு சொல் கூடுதலாக இருந்திருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அந்தப் பெண்ணின் பள்ளிக்குப் போய், வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவள் சொன்னதுதான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் கோப்பை வேறு பள்ளிக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கேள்வியிலும் முதலில் நான் பார்ப்பது விடையை இல்லை, கேள்வியில் விட்டுப்போன சொல்லை. உங்கள் பதினைந்தில் பாதிக்கு மேல் இந்த வகைதான். "இந்தியாவின் தென்கோடி முனை எது?" என்பதற்கு ஒரு புத்தகம் கன்னியாகுமரி என்கிறது, இன்னொன்று இந்திரா முனை என்கிறது. இரண்டும் சரி. "இந்தியப் பெருநிலப்பரப்பின்" (தீவுகளைச் சேர்க்காமல்) என்று கேட்டால் கன்னியாகுமரி. "இந்திய எல்லைக்குள்" என்று கேட்டால் பெரிய நிக்கோபார் தீவில் இருக்கும் இந்திரா முனை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் அந்த முனையே நாலு மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிட்டது, கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்துகொண்டது என்பதையும் விடையோடு சேர்த்துச் சொல்லுங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். அதேபோல "தொட்டபெட்டாவா, ஆனைமுடியா?" என்ற குழப்பம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம். ஆனைமுடி 2,695 மீட்டர், கேரளத்து இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது, தென்னிந்தியாவிலேயே உயர்ந்தது. உங்கள் புத்தகம் ஒன்றில் "தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரம் தொட்டபெட்டா" என்று இருந்தால் அது அச்சுப் பிழை மாதிரி எடுத்துக்கொண்டு அடித்துவிடுங்கள்.

மெரினா கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே பள்ளியில் புகட்டப்பட்டது. "உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை மெரினா." நானும் பல வருடம் இதைக் கேட்டிருக்கிறேன், மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இது தவறு. மெரினாவை எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதைப் பொறுத்து 6 கிலோமீட்டர் என்பார்கள், பெசன்ட் நகர் வரை சேர்த்து 13 கிலோமீட்டர் என்பார்கள். பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வோம். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் கடற்கரை ஏறக்குறைய 120 கிலோமீட்டர். பிரேசிலின் தென்கோடியில் இருக்கும் காசினோ கடற்கரை 200 கிலோமீட்டருக்கு மேல். 13 எங்கே, 200 எங்கே? முதலில் "நகர்ப்புறக் கடற்கரை" என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். வாய்வழியாக வரும்போது அது உதிர்ந்துபோயிற்று. நகர்ப்புறம் என்று சேர்த்தாலும் நகரம் எங்கே முடிகிறது என்ற சண்டை வரும். அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, 1880களில் சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கடற்கரையில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயரிட்டதைக் கேளுங்கள். மெரினா மேல் நமக்கிருக்கும் பாசத்துக்கு அதுவே போதும். உலகத் தரவரிசை அதற்குத் தேவையில்லை.

எவரெஸ்ட் கேள்வியில் உங்களுக்கு மூன்று எண்கள் வந்திருக்கின்றன: 8,848, 8,850, 8,848.86. கடைசியானதை வைத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த அளவு அது. ஆனால் "உலகின் மிக உயரமான மலை" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "கடல் மட்டத்திலிருந்து" என்று சேருங்கள். ஹவாய்த் தீவிலிருக்கும் மௌனா கியா கடலுக்கு மேலே 4,207 மீட்டர்தான் தெரிகிறது, கடலடித் தரையிலிருந்து அளந்தால் 10,000 மீட்டரைத் தாண்டும். ஈக்வடாரின் சிம்பொராசோ வெறும் 6,263 மீட்டர். ஆனால் பூமி நடுவில் உப்பலாக இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து அளக்கும்போது அதன் உச்சி எவரெஸ்ட் உச்சியைவிட இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இதைப் படித்திருக்கும் பிள்ளை ஊருக்கு ஒன்று இருக்கும். எவரெஸ்ட்டைப் பற்றி நம்மூர்ப் பிள்ளைகளிடம் கேட்க இன்னும் நல்ல கேள்வி இருக்கிறது: இமயமலையின் உயரம் வரை கொண்டுபோய்விட்ட அந்த மாபெரும் நில அளவைப் பணி எங்கே தொடங்கியது? 1802ல், சென்னையில், பரங்கிமலைக்குப் பக்கத்தில். வில்லியம் லாம்டன் அங்கே ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி போட்டு ஓர் அடிப்படைக் கோடு அளந்தார். அதன்மேல் முக்கோணம் முக்கோணமாக வடக்கே ஏறிப்போன அளவைதான் பிற்பாடு, ராதாநாத் சிக்தார் போன்ற கணக்கர்கள் வழியாக, பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டும் இருந்த மலையை உலகத்திலேயே உயர்ந்தது என்று காட்டியது. 1856ல் அறிவித்த உயரம் 29,002 அடி. இன்றைய அளவுக்கு முப்பது அடிதான் குறைவு. தூரத்தில் நின்று கோணம் பார்த்து எழுதிய கணக்கு அது. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

இனி, கேள்வியில் எத்தனை சொல் சேர்த்தாலும் தீராதவை. நீளமான நதி நைலா அமேசானா என்பது அப்படிப்பட்டது. பெரும்பாலான புத்தகங்களில் நைல் 6,650 கிலோமீட்டர், அமேசான் 6,400 சொச்சம். 2007ல் பிரேசில் ஆய்வாளர்கள் பெருவின் மலைகளில் வேறொரு ஊற்றிலிருந்து அளந்து அமேசான் சுமார் 6,800 என்றார்கள். நதியை அளப்பது கயிற்றை அளப்பது மாதிரி இல்லை. ஆயிரம் ஓடைகளில் எதை மூலம் என்று வைப்பது, கழிமுகத்தில் எந்த வாயை முடிவு என்று வைப்பது, வருடா வருடம் மாறும் வளைவுகளை எந்தப் படத்தை வைத்து எண்ணுவது என்று ஒவ்வொன்றிலும் நூறு கிலோமீட்டர் கூடும், குறையும். நிபுணர்களே ஒத்துப்போகாத இடத்தில் நாம் மேசை தட்டித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. "அதிக அளவு நீரைக் கடலில் சேர்க்கும் நதி எது?" என்று மாற்றிவிடுங்கள். அமேசான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. உலக நதிகள் எல்லாம் கடலில் கொண்டுவந்து கொட்டும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அது ஒன்றே தருகிறது.

அடுத்தது, எழுதிய நாளில் சரியாக இருந்து இன்று பழசாகிப்போன விடைகள். உங்கள் மூன்று புத்தகங்களில் பழையது எந்த வருடப் பதிப்பு என்று பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அதிக நிலவுகள் உள்ள கோள் எது என்பதில் வியாழனும் சனியும் மாறி மாறி முன்னால் வந்திருக்கின்றன. 2019 அக்டோபரில் சனி 82, வியாழன் 79. 2023 பிப்ரவரியில் வியாழன் 92 என்று முந்தியது. அதே வருடம் மே மாதத்தில் சனி 145, பிறகு 146. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 புதிய நிலவுகள் சேர்ந்து சனிக்கு 274. வியாழன் இனி சீக்கிரத்தில் பிடிக்க முடியாத தூரம் என்பதால் "எது?" என்று கேட்கலாம், "எத்தனை?" என்று கேட்காதீர்கள். இந்தியாவில் மாநிலங்கள் 28, ஒன்றியப் பகுதிகள் 8 என்பது 2020 ஜனவரி 26க்குப் பிறகான கணக்கு. 29ம் 7ம் என்று உங்கள் புத்தகத்தில் இருந்தால் அது 2019 அக்டோபருக்கு முந்தைய புத்தகம். தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32 என்று இருந்தாலும் அப்படியே, இப்போது 38. புளூட்டோ 2006ல் கோள் பட்டியலிலிருந்து போனது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

இதே ஜாதியில் ஒரு கேள்வி உங்கள் பட்டியலில் நாற்பத்திரண்டாவதாக இருக்கிறது: "மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய நாள் எது?" மூன்று புத்தகமும் மூன்று தேதி தருவதாகச் சொன்னீர்கள். மூன்று தேதியும் உண்மையான தேதிகள்தான், நிகழ்ச்சிதான் வேறு வேறு. 1956 நவம்பர் 1ல் மொழிவாரி மாநிலமாக எல்லை அமைந்தது. அப்போது பெயர் மதராஸ்தான். 1967 ஜூலை 18ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றத்தில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறியது. இப்போது தமிழ்நாடு நாளாகக் கொண்டாடுவது அந்த நாளை. 1969 ஜனவரி 14ல், பொங்கல் அன்று, பெயர் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. "தீர்மானம் நிறைவேறிய நாள்" அல்லது "நடைமுறைக்கு வந்த நாள்" என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றையும் தெரிந்த பிள்ளை இருந்தால் கூடுதலாக ஐந்து மதிப்பெண் கொடுங்கள்.

சினிமாக் கேள்விகளில் "முதல்" என்ற சொல்லைக் கண்டால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசிப்பேன். இந்தியாவின் முதல் பேசும் படம் ஆலம் ஆரா, 1931 மார்ச் 14. இதில் சண்டை இல்லை. "இந்தியாவின் முதல் படம்" என்றால் சண்டை வரும். தாதாசாகேப் பால்கேயின் ராஜா ஹரிச்சந்திரா 1913. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1912 மே மாதத்தில், தோர்ணேயின் ஸ்ரீ புண்டலிக் திரையிடப்பட்டது. அது மேடை நாடகத்தை அப்படியே படம்பிடித்தது, ஒளிப்பதிவாளர் ஆங்கிலேயர், படச்சுருள் லண்டனில் கழுவப்பட்டது என்பதால் பலரும் அதை முழுநீளக் கதைப்படக் கணக்கில் சேர்ப்பதில்லை. "முதல் முழுநீளக் கதைப்படம்" என்று கேட்டால் ராஜா ஹரிச்சந்திரா என்று வைக்கலாம். தமிழில் நடராஜ முதலியார் எடுத்த கீசக வதம் தென்னாட்டின் முதல் மௌனப் படம் என்பது உறுதி. எந்த வருடம் என்பதில் 1916லிருந்து 1918 வரை ஆய்வாளர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள், படச்சுருளும் இல்லை. ஆகவே யார் எடுத்தது என்று கேளுங்கள், வருடத்தை விட்டுவிடுங்கள்.

"முதல் தமிழ்ப் பேசும் படம் எது?" என்பதற்குக் காளிதாஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். எச். எம். ரெட்டி இயக்கியது, பம்பாயில் எடுத்தது, 1931 அக்டோபர் 31ல் வெளிவந்தது. விடையை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அரங்கில் யாராவது ஒரு பெரியவர் எழுந்து "அது முழுத் தமிழ்ப் படம் இல்லையே தம்பி" என்றால் அவர் சொல்வதும் சரிதான் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார், கதாநாயகன் தெலுங்கில் பேசினார். அதன் பிரதி ஒன்றும் இன்று நம்மிடம் இல்லை. கேள்வியை "தமிழ் வசனம் ஒலித்த முதல் பேசும் படம்" என்று எழுதினால் பெரியவருக்கும் மனக்குறை இருக்காது. ராஜலட்சுமியைப் பற்றி இன்னொரு கேள்வியும் சேருங்கள். 1936ல் மிஸ் கமலா படத்தை அவரே இயக்கினார். தமிழ்ப் படம் இயக்கிய முதல் பெண். அந்தக் காலத்தில் கதாநாயகியாக நடிக்க வருவதே பெரிய காரியம். பெண் பிள்ளைகள் அந்தப் பெயரை ஒரு தடவையாவது உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

"ஷேக்ஸ்பியரும் செர்வாண்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள்" என்ற கேள்வியை நீக்கிவிடுங்கள். இருவருக்கும் 1616 ஏப்ரல் 23 என்றுதான் எழுதுவார்கள், அதை ஒட்டித்தான் உலகப் புத்தக நாளும் அன்றைக்கு வருகிறது. ஆனால் செர்வாண்டிசின் நாடான ஸ்பெயின் அப்போது புதிய கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறியிருந்தது, இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. இரண்டுக்கும் பத்து நாள் இடைவெளி. ஒரே தேதி, வேறு வேறு நாள். போதாக்குறைக்கு செர்வாண்டிஸ் இறந்தது 22 என்றும், 23 அவரை அடக்கம் செய்த நாள் என்றும் வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். "கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார்" என்பதிலும் இதே கோளாறு. கலிலியோவுக்குப் புதிய நாட்காட்டியில் 1642 ஜனவரி. நியூட்டனுக்குப் பழைய நாட்காட்டியில் 1642 டிசம்பர் 25. இரண்டையும் ஒரே நாட்காட்டியில் வைத்தால் நியூட்டன் பிறந்தது 1643 ஜனவரி 4.

இவையெல்லாம் ஏதோ ஒரு கோணத்தில் பாதியாவது உண்மை. முழுப் பொய்யாகவே ஒரு புத்தகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுபவையும் உண்டு. அதற்கு ஒரு கதை சொல்கிறேன், கேள்வி எழுதுகிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் ஃபிரெட் வொர்த் என்பவர் 1970களில் பொது அறிவுத் துணுக்குகளின் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டார். தன் உழைப்பை யாராவது திருடினால் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் தானே இட்டுக்கட்டிய ஒரு செய்தியை ஒளித்து வைத்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ஃபிலிப். தொடரில் அந்தப் பாத்திரத்தை யாரும் முதல் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. சில வருடம் கழித்து கனடாவில் உருவாகி உலகம் முழுக்க விற்ற டிரிவியல் பர்சூட் விளையாட்டின் அட்டையில் அதே "ஃபிலிப்" வந்து நின்றது. வொர்த் 1984ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டை உருவாக்கியவர்கள் அவர் புத்தகத்தையும் பார்த்ததை மறுக்கவில்லை; பல புத்தகங்களில் அதுவும் ஒன்று என்றார்கள். உண்மைச் செய்திகளுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. சட்டம் எப்படியோ போகட்டும். எனக்கு இதில் உறைத்தது வேறு: இட்டுக்கட்டிய ஒரு வரி, அச்சில் இருந்த ஒரே தகுதியால், எத்தனையோ வீடுகளில் சரியான விடை ஆகிவிட்டது. உங்கள் மூன்று கைடுகளும் ஒரே விடையைச் சொன்னால்கூட, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியிருந்தால் அது மூன்று சாட்சி ஆகாது, ஒரே சாட்சிதான்.

சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும் என்பது அப்படி வந்தது. மனிதன் விண்வெளிக்குப் போவதற்கு இருநூறு வருடம் முன்பே, 1754ல், ஆங்கிலேயர் ஸ்டூக்லி ஒரு கடிதத்தில் அப்படித் தெரியலாம் என்று எழுதிவிட்டார். யாரும் போய்ப் பார்க்காமலே நிலைத்துவிட்டது. 2003ல் சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவே பூமியைச் சுற்றிவிட்டு வந்து, தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொன்னார். சில மீட்டர் அகலமுள்ள சுவர், 3.84 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலவிலிருந்து தெரிய வழியே இல்லை. நம்மூரில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும் இதே வகை. உங்கள் பட்டியலில் அதுவும் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது, கீழே அகன்று மேலே குறுகும் அந்த அமைப்பால் நிழல் விமானத்தின் மேலேயே விழுந்து அடங்கிவிடும். காலையில் போய் மேற்குப் பிராகாரத்தில் நின்று பாருங்கள், காலடியில் நீளமாக விழுந்து கிடக்கும். ராஜராஜனின் சிற்பிகளுக்கு மாயம் தெரிந்திருந்தது என்று சொன்னால் அவர்களுடைய கணக்கையும் உழைப்பையும் நாம் குறைத்துச் சொல்வதாகத்தான் ஆகும்.

"இந்தியாவின் தேசிய விளையாட்டு" ஹாக்கி என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2012ல் லக்னோவைச் சேர்ந்த ஒரு பள்ளிச் சிறுமி தகவல் உரிமைச் சட்டத்தில் இதைக் கேட்டு மனுப் போட்டாள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டுத் துறை அமைச்சகம் பதில் கொடுத்தது. அதுவரை பாடப்புத்தகம் எழுதிய பெரியவர்களுக்குத் தோன்றாதது ஒரு குழந்தைக்குத் தோன்றியிருக்கிறது. "தேசிய மொழி" கேள்வியும் அப்படித்தான்: அரசியலமைப்பின் 343வது பிரிவு ஒன்றியத்தின் அலுவல் மொழி என்றுதான் சொல்கிறது, தேசிய மொழி என்று எதையும் சொல்லவில்லை. தேசியப் பறவை மயில் என்பது 1963ல் அறிவிக்கப்பட்டது. அதைத் தாராளமாகக் கேளுங்கள்.

இதிலிருந்தே நான் எப்படிச் சரிபார்க்கிறேன் என்பது தெரிந்திருக்கும். யாரோ ஒருவர் முறைப்படி அறிவித்த செய்தி என்றால் அந்த அறிவிப்பைத் தேடுவேன். சட்டம், அரசாணை, நோபல் குழுவின் அறிவிப்பு என்று. ஐன்ஸ்டைனுக்கு எதற்காக நோபல் கிடைத்தது என்ற உங்கள் கேள்வி அந்த வகை. ஒரு புத்தகத்தில் சார்பியல் என்று இருக்கிறது, அது தவறு. 1921ஆம் ஆண்டுக்கான பரிசு அறிவிப்பிலேயே ஒளிமின் விளைவு என்று தெளிவாக இருக்கிறது. அளந்து சொல்லும் செய்தி என்றால் யார், எந்த வருடம், எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பார்ப்பேன். "முதல்" என்றால் அதற்கு முந்தி ஒன்று இருந்ததாகச் சொல்பவர்கள் யார் என்று வேண்டுமென்றே தேடுவேன். மூன்றிலும் பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கேள்வி எவ்வளவு அழகாக இருந்தாலும் போட்டியில் வைக்க மாட்டேன். நூறு கேள்வி எண்பதாகக் குறைந்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

இவ்வளவும் செய்தாலும் ஒன்றிரண்டு தப்பும். அதற்காகப் போட்டி அன்று ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அரசுத் தேர்வாணையமே உத்தேச விடைகளை முதலில் வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டு, பிறகுதான் இறுதி செய்கிறது. நீங்களும் தொடக்கத்திலேயே, "நடுவர் விடை தவறு என்று தோன்றினால் கை தூக்கி, ஏன் என்று ஒரு நிமிடம் சொல்லலாம்" என்று அறிவித்துவிடுங்கள். சுற்று முடியும் வரை அந்த மதிப்பெண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். நூலகத்தில்தானே நடத்துகிறீர்கள், கலைக்களஞ்சியத் தொகுதிகளை மேசைக்குப் பக்கத்தில் எடுத்து வைத்து, இரண்டு பெரிய மாணவர்களை உட்கார வைத்தால் உடனே பார்த்துச் சொல்வார்கள். ஆட்சேபணை சரியாக இருந்தால் மைக்கிலேயே சொல்லி மதிப்பெண்ணை மாற்றுங்கள். நான் அப்படி ஆரம்பித்த பிறகு, பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்கூட எழுந்து காரணம் சொல்லத் தொடங்கினார்கள்.

நீங்கள் படமெடுத்துப் போட்ட பட்டியலில் 61லிருந்து 68 வரை மங்கலாக இருக்கிறது, படிக்க முடியவில்லை. அந்த எட்டையும் தட்டச்சு செய்து போடுங்கள். புவியியலாக இருந்தால் இன்று இரவே பார்த்துச் சொல்கிறேன்.